பேர் வெட்டின தட்டு

இல்லம்மா, வேணாம். நீங்க சாப்பிடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க எலுமிச்சம்பழச் சாதத்துல ஒரு குறையும் இல்ல. வாசனை இங்க வரைக்கும் வருது. ஆனா நீங்க அதுல கை வச்சுட்டீங்க. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுத்தான் என்கிட்ட நீட்டுறீங்க, நான் பாத்தேன். அது எச்சில்தானே? எனக்கு எச்சில் ஆகாதும்மா. சின்ன வயசுலேர்ந்தே ஆகாது. எங்கக்கா கடிச்ச மாங்காயத் தொட மாட்டேன். எங்கம்மா காப்பி குடிச்ச டம்ளர நாலு தடவ விளக்கிட்டுத்தான் அதுல தண்ணி மோந்து குடிப்பேன். பெத்தவ வாய் உனக்கு நாறுதாடின்னு எங்கம்மா அழுவாங்க. நான் என்ன பண்ணட்டும், குமட்டிக்கிட்டு வரும். அதோ முன் சீட்டுல பாருங்க, அந்தம்மா பாட்டில்ல வாய வச்சுக் குடிச்சுட்டு அப்படியே பக்கத்துல இருக்கிறவருக்குக் குடுக்குது. அவரும் வாங்கி வாய்க்குள்ள விட்டுக்கிறாரு. ச்சீ. என்ன ஜென்மங்களோ. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிறேன்.

நீங்க எதுவரைக்கும்? திருச்சியா? நானும் திருச்சிதான். சந்தோஷமாப் போறேன்னு நினைக்காதீங்க. வேண்டா வெறுப்பாப் போறேன். அவளப் பாக்கணுமேன்னு நினைச்சாலே உடம்பெல்லாம் கூசுது. யாருன்னா, என் மருமக. இலக்கியான்னு பேரு. கல்யாணம் ஆகி ஏழு மாசந்தான் ஆச்சு. கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போய் இன்னையோட பன்னண்டு நாள். போய்க் கூட்டிட்டு வான்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. அவரு சொன்னா சொன்னதுதான்.

எம் பேரு தையல்நாயகி. அவரு பேரு வைத்தியலிங்கம். எங்க பக்கம் வைத்தீஸ்வரன்கோயில் தெரியுமில்ல, அந்தச் சாமியும் அம்பாளும் ஜோடியா வந்த மாதிரி இருக்குன்னு ஜாதகம்கூடப் பாக்காம முடிச்சுட்டாங்க. பேர்ப் பொருத்தம் ஒண்ணுதான் பாத்தாங்க. அது இன்னைக்கு வரைக்கும் நல்லாத்தான் பொருந்திக்கிட்டு இருக்கு.

மாயவரத்துல எங்களுக்குப் பாத்திரக்கடை. சுத்துப்பட்டுல எந்த வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம்னாலும் சீர்ப் பாத்திரம் எங்க கடைலதான் எடுப்பாங்க. எடுத்த கையோட பொண்ணு பேர வெட்டி வாங்கிட்டுப் போவாங்க. கடை வாசல்ல மிஷின வச்சுக்கிட்டு ஹமீது அண்ணன் உக்காந்திருப்பாரு. குடத்துல, அண்டால, தட்டுல, கரண்டிலகூட வெட்டுவாரு. என் வீட்டுப் பரண்ல ஏறிப் பாத்தீங்கன்னா குழித்தட்டு என்ன, பூத்தட்டு என்ன, மூணு கல்யாணத்துக்குப் பந்தி போடலாம். எனக்குன்னு ஒரு தட்டு கிடையாது. எதுக்கு? நான் அவர் சாப்பிட்ட தட்டுலதானே சாப்பிடுறேன்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? அது எச்சில் இல்லையாங்கிறீங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க. கட்டின புருஷன் எச்சில எச்சில்ல சேப்பாங்களா? அது வேறம்மா. அது வேற. எங்க மாமியார் வீட்டு வழக்கமே அதுதான். அவரு சாப்பிட்டு எழுந்தா அந்தத் தட்டுலயே நான் போட்டுச் சாப்பிடணும். முப்பத்திமூணு வருஷமா ஒரு நாள் மாத்துனது இல்ல. ஊர்ல எவ செய்வா சொல்லுங்க?

லேசுல வந்துடல. கல்யாணத்தன்னிக்கு அவரு சாப்பிட்டு எழுந்த இலைல என்னை உக்கார வச்சாங்க. இருபத்திரெண்டு வயசு எனக்கு. கடிச்ச வடை பாதி கிடக்கு. பாயாசமும் குழம்பும் ஒண்ணா ஓடி அதுல அப்பளம் ஊறிக்கிட்டு இருக்கு. சவைச்சுத் துப்புன முருங்கைக்காய்ச் சக்கை ஓரமா. இது மேல எனக்குச் சோறு வச்சாங்க. ஒரு வாய்தான் வச்சேன். எழுந்து மண்டபத்துக்குப் பின்னாடி ஓடி, பட்டுப்புடவையப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரி ஒருத்தி பின்னாலயே வந்து பாத்துட்டு, பொண்ணு ஏற்கெனவே முழுகாம இருக்கா போலிருக்கேன்னுட்டா! தாலி ஏறி ரெண்டு மணி நேரம் ஆகலம்மா. மண்டபம் பூரா குசுகுசுன்னு ஆயிடுச்சு. எங்கப்பா முகத்தப் பாக்க முடியல. எங்கம்மா என் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, திரும்பவும் அதே இலைல உக்கார வச்சு, நீ முழுசாச் சாப்பிட்டாத்தான் நம்ம மானம் இருக்கும்னாங்க. சாப்பிட்டேன். எல்லாரும் சுத்தி நின்னு பாக்க, அந்த வடையயும் சாப்பிட்டேன். இலை சுத்தமாயிடுச்சு. நான் சுத்தமானவதான்னு எல்லாரும் நம்புனாங்க.

அதுக்கப்புறம் பழகிக்கிட்டேன். எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கு பாருங்க. மொதல்ல கொதிக்கக் கொதிக்க ரசத்த ஊத்திடணும், வேற எந்த வாசனையும் தெரியாது. தட்ட அரை வட்டம் திருப்பிக்கணும், அவரு கை வச்ச பக்கம் அந்தாண்ட போயிடும். மீன் முள்ளு, எலும்பு, கறிவேப்பிலை எல்லாத்தயும் புறங்கையால ஒதுக்கணும், விரல்நுனி படக்கூடாது. அப்புறம் மூச்சு விடக்கூடாது. வாய்ல வைக்கிறப்ப மூச்சப் பிடிச்சுக்கணும், முழுங்கிட்டு விட்டுக்கணும். சமையக்கட்டுல சுவத்தப் பாத்து உக்காந்துட்டா அஞ்சே நிமிஷம். வேலை முடிஞ்சுது. ருசின்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. நான் நல்லாச் சமைப்பேன்னு மத்தவங்க சொல்வாங்க.

அவரு நல்ல மனுஷன்தாம்மா. கோவம் மட்டும் வரும். குழம்புல உப்புக் கூடிடுச்சுன்னா போச்சு, சோத்தோட தட்டுலயே சொம்புத் தண்ணிய ஊத்திக் கையக் கழுவிடுவாரு. வாய்க்கு வந்ததப் பேசுவாரு. நாலு வீட்டுக்குக் கேக்கும். அப்புறம் கடைக்குப் போயிடுவாரு. அன்னைக்கு அந்தத் தட்ட அப்படியே கொட்டி, புளி போட்டு விளக்கித்தானே ஆகணும்? பளபளன்னு ஆயிடும். நானும் அதுல போட்டுக்கிட்டு, கொல்லைல வேப்பமரத்து நிழல்ல உக்காந்து நிதானமாச் சாப்பிடுவேன். மோர் சாதத்துக்கு மறுசோறுகூடப் போட்டுப்பேன். உப்புக் கூடின குழம்பாச்சேன்னா, மோர் இருக்கே. மாசத்துல ரெண்டு மூணு தடவ அப்படி ஆயிடும். கை தவறித்தாம்மா. வேணும்னு யாராவது உப்பள்ளிப் போடுவாங்களா? ஏச்சு வாங்க யாருக்கு ஆசை?

சிரிக்காதீங்க. நான் ஒண்ணும் தமாஷ் பண்ணல.

இப்ப இவ கதைக்கு வர்றேன். என் பையன் செல்வமுத்து, அப்பாவோட கடையப் பாத்துக்கிறான். சாதுப் பையன். இவ பார்மசி படிச்சவ. கல்யாணத்துக்கப்புறம் மாயவரத்துலயே ஒரு மருந்துக்கடைல வேலைக்குப் போனா. படிச்ச திமிரு எப்படி இருக்கும்னு கல்யாணத்தன்னிக்கே காட்டிட்டா. செல்வமுத்து சாப்பிட்டு எழுந்த இலைல உக்கார வச்சோம். அவ என்ன பண்ணினா தெரியுமா? அந்த இலைய ரெண்டு கையாலயும் பதவிசா மடிச்சு மூடிட்டு, பரிமாறுறவரப் பாத்து, அண்ணே, எனக்கொரு புது இலை போடுங்கன்னா. எவ்வளவு சாதாரணமாச் சொல்றா! தண்ணி கேக்குற மாதிரி! இந்தப் பய சிரிச்சுக்கிட்டே, எனக்கும் இன்னும் பசி இருக்கு, ரெண்டாப் போடுங்கன்னு பக்கத்துல உக்காந்துட்டான். எங்க வீட்டுக்காரர் முகம் கறுத்துப் போச்சு. எனக்கு அங்கயே பத்திக்கிட்டு வந்துச்சு. இவ்வளவுதானா? இப்படி மூடிட்டா முடிஞ்சு போச்சா? ஒருத்தியும் அவ கையப் பிடிச்சு இழுக்கல. ஒருத்தியும் அவள முழுகாம இருக்கான்னு சொல்லல.

சீர்ல ஒரு தட்டு கொண்டாந்தா, இலக்கியான்னு பேர் வெட்டி. அதுவும் திருச்சில வேற கடைல வெட்டினது. பாத்திரக்கடைக்காரன் வீட்டுக்கு வேற கடைத் தட்டான்னு அவருக்கு அதுல ஒரு எரிச்சல். தினம் அவ பாட்டுக்கு அந்தத் தட்ட எடுத்துட்டு வந்து, அவங்க ரெண்டு பேரோடயும் சரிசமமா உக்காந்து சாப்பிடுவா. நான் பரிமாறுவேன். பாக்கவே எனக்கு அருவருப்பா இருக்கும்.

வியாழக்கிழமை அவளுக்கு லீவு. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அவரு சாப்பிட்டுக் கடைக்குப் போனதும், நான் தட்ட எடுத்துக்கிட்டு சமையக்கட்டுல உக்காந்தேன். இவ பூனை மாதிரி வந்து நிலைப்படில நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கா. நான் சாப்பிடுறப்ப யாரும் பாக்கக் கூடாதும்மா. பாத்தா எனக்கு இறங்காது. முடிக்கப்போற நேரத்துல கேக்குறா, "அத்தை, ஏன் மூச்சப் பிடிச்சுக்கிட்டு சாப்பிடுறீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சூடா இருக்குன்னேன். கிட்ட வந்து தட்டப் பாத்தா. ஓரத்துல அவரு சவைச்ச சக்கை கிடக்கு. என் முகத்தப் பாத்து, "உங்களுக்கு அருவருப்பா இல்லையா அத்தை?" அப்படின்னா.

என்ன கேள்வி பாருங்க! என்னைப் பெத்தவங்க கேக்கல, எங்க மாமியார் கேக்கல, கூடப்பிறந்தவ கேக்கல, முப்பத்திமூணு வருஷமா ஒரு குருவி கேக்கல. நேத்து வந்தவ கேக்குறா. நல்லா விட்டேன் டோஸு. "புருஷன் வீட்டுல எப்படி இருக்கணும்னு உங்கம்மா உனக்குச் சொல்லிக் குடுக்கலையா, போடி உன் வேலையப் பாத்துக்கிட்டு"ன்னுட்டேன். போயிட்டா. ஆனா அடுத்த வியாழக்கிழமையும் வந்து உக்காந்தா. அதுக்கடுத்த வியாழக்கிழமையும். ஒண்ணும் கேக்க மாட்டா. சும்மா பக்கத்துல உக்காந்து கீரை ஆய்வா, பூண்டு உரிப்பா. நானா ஒரு நாள், பேச்சு வாக்குல, கல்யாணத்துல வாந்தி எடுத்த கதையச் சொன்னேன். சிரிப்புக்காகத்தான் சொன்னேன். அவ சிரிக்கல. பூண்டு உரிச்ச கையோட என் கையப் பிடிச்சுக்கிட்டா. எனக்கு அதெல்லாம் பிடிக்காதும்மா, தொட்டுத் தொட்டுப் பேசுறது. ஆனா கைய இழுத்துக்கல. பாவம், சின்னப் பொண்ணுன்னு விட்டுட்டேன்.

விட்டதுதான் தப்பு.

இந்த மாசம் மகளிர் தினம் வந்துச்சுல்ல, எட்டாந்தேதி ஞாயித்துக்கிழமை. எங்க வீட்டுக்காரர் கடை வாசல்ல பெருசா பேனர் வச்சாரு. பெண்மையைப் போற்றுவோம், இன்று ஒரு நாள் மட்டும் பெண்களுக்குப் பேர் வெட்டுவது இலவசம்னு. மைக் செட்டெல்லாம் வச்சு, லேடி டாக்டரக் கூப்பிட்டு ரிப்பன் வெட்ட வச்சாரு. நல்ல கூட்டமாம். நான் போகல. வீட்டுல கறிக்குழம்பு வைக்கணுமே. இவ போயிருக்கா. கடைலேர்ந்து ஒரு தட்ட எடுத்து ஹமீது அண்ணன்கிட்ட நீட்டியிருக்கா. என்ன பேருன்னு கேட்டிருக்காரு. சொல்லியிருக்கா. அவரு மிஷின நிறுத்திட்டு, ஊர்ப் பொண்ணுங்க பேரெல்லாம் வெட்டிட்டேன், அண்ணி பேர வெட்டுனதே இல்லையேன்னாராம்.

மத்தியானம் எல்லாரும் வந்தாங்க. நான் மூணு தட்டு வச்சேன். அவ நாலாவதா ஒண்ணக் கொண்டாந்து வச்சா. தையல்நாயகின்னு வெட்டியிருந்துச்சு, ஓரத்துல ஒரு சின்னப் பூவோட. வளைச்சு வளைச்சுத் தட்டுல கால்வாசி வரைக்கும் போகுது. எம் பேரு இவ்வளவு நீளமான்னு அப்பத்தான் பாத்தேன். உக்காருங்க அத்தைன்னு தோளப் பிடிச்சு உக்கார வச்சா. அவளே போட்டா. நான் ரெண்டு வாய் சாப்பிட்டேன்.

என்ன சொல்றது. மூச்சு விட்டுக்கிட்டே சாப்பிட்டேன். சோம்பு வாசனை, கறி வாசனை, சின்ன வெங்காயம் வதங்கின வாசனை. நான் வைக்கிற குழம்புக்கு இப்படி ஒரு வாசனை இருக்குன்னு எனக்கே தெரியாதும்மா.

அவரு சாப்பிடுறத நிறுத்திட்டாரு. கத்தல. கத்தியிருந்தா எனக்குப் பழக்கம். மெதுவா, வெளியாள்கிட்டப் பேசுற மாதிரி கேட்டாரு, "ஏன் தையலு, என் எச்சில் உனக்கு அருவருப்பா இருக்கா?"

மூணு பேரும் என்னையப் பாக்குறாங்க. இவ பாக்குறா பாருங்க ஒரு பார்வை, சொல்லுங்க அத்தைங்கிற மாதிரி. செல்வமுத்துவும் நான் என்ன சொல்லப் போறேன்னு பாக்குறான். கைல சோறு. நான் என்ன சொல்வேன்? "எனக்கென்னங்க அருவருப்பு, இவதான் வலுக்கட்டாயமா உக்கார வச்சா. பெரியவங்க முன்னாடி எப்படி நடந்துக்கணும்னு தெரியாத வளர்ப்பு"ன்னேன். சொன்னதோட விடல. எழுந்து போய் அவரு தட்ட எடுத்து, எலும்பெல்லாம் கடிச்சுப் போட்டிருந்துச்சு, அது மேலயே சோத்தப் போட்டுப் பிசைஞ்சு, அவ கண்ணு முன்னாடி சாப்பிட்டேன். நல்லாப் பாத்துக்கடின்னு சாப்பிட்டேன்.

அவருக்கு முகம் மலர்ந்துடுச்சு. இவகிட்டத் திரும்பி, பாத்தியா, இதான் குடும்பப் பொம்பளை, நீயும் இன்னைக்கு செல்வமுத்து தட்டுல ஒரு வாய் சாப்பிடு, அதோட விஷயம் முடிஞ்சு போயிடும்னாரு. அவ செல்வமுத்துவப் பாத்தா. அவன், "அம்மாவே ஒண்ணும் இல்லங்கிறாங்க, நீ ஏன் பெருசு பண்ற"ன்னுட்டான். அவ்வளவுதான். எழுந்து போயிட்டா. மறுநாள் காலைல பெட்டியோட நிக்கிறா. வாசல்ல என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனா, "உங்களுக்காகத்தான் அத்தை பேசினேன். என்னைக் காட்டிக் குடுத்துட்டீங்களே." எவ கேட்டா இவளப் பேசச் சொல்லி? எம் பேர் போட்ட அந்தத் தட்ட அவரு அன்னைக்கே பழைய பாத்திரத்தோட போட்டு நசுக்கிட்டாரு. பேர் வெட்டின தட்ட வேற யாரும் வாங்க மாட்டாங்க.

அன்னைலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலம்மா. அவ கண்ணு பட்டுடுச்சு. தட்டு முன்னாடி உக்காந்தாலே அடிவயித்துலேர்ந்து புரட்டிக்கிட்டு வருது. ரசம் ஊத்திப் பாத்துட்டேன், திருப்பி வச்சுப் பாத்துட்டேன், மூச்சப் பிடிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணும் கேக்கல. எல்லாத்தயும் கொல்லைல கொட்டுறேன். டாக்டர் வாயுக் கோளாறுன்னு மாத்திரை குடுத்திருக்காரு. உப்பும் அடிக்கடி கூடிடுது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவ ஏச்சு. என்ன பொம்பளைடி நீ, குழம்பு வைக்க மறந்துட்டியாங்கிறாரு.

செல்வமுத்து தினம் போன் பண்ணிக் கெஞ்சுறான். அவ அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லியிருக்கா. "அத்தை நேர்ல வரட்டும். எனக்கு அருவருப்பே இல்லன்னு என் முகத்தப் பாத்துச் சொல்லட்டும். அவங்க அப்படிச் சொல்லிட்டா அடுத்த பஸ்லயே வர்றேன், அவங்க காட்டுற தட்டுல சாப்பிடுறேன்." இவ்வளவுதான். ஒரு வார்த்தை. அதுக்குத்தான் இந்தப் பயணம். சொல்லிட்டா வந்துடுவா, சொன்ன சொல் மாற மாட்டா, அந்த மாதிரி கழுத்தறுப்பு அவ. வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டான்னா வீடு பழையபடி ஆயிடும்.

சாப்பிட்டே ஆகணும்மா அவ. நான் சும்மா விட மாட்டேன். அவ சாப்பிடாம, தனித் தட்டு வச்சுக்கிட்டு, அதே வீட்டுல சிரிச்சுக்கிட்டு நல்லா வாழ்ந்து காட்டிட்டான்னு வைங்க. அப்ப நான் இத்தனை வருஷம் தின்னதுக்கு என்ன அர்த்தம்? நானும் அன்னைக்கு இலைய மூடியிருக்கலாம்னு ஆயிடாதா? நான் ஒருத்தி மட்டும் தின்னவளா இருக்கணுமா?

துவாக்குடி வந்துடுச்சா? கிட்ட வந்துட்டோம். அவகிட்ட என்ன சொல்லணும்னு எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். எல்லாம் போயிடும்மா, மொதல்ல கொஞ்ச நாள்தான் அப்படி இருக்கும்னு சொல்லணும். எனக்கு எப்பப் போச்சுன்னு கேக்குறீங்களா? செல்வமுத்து பொறந்தப்புறம்... இல்ல, அப்ப இன்னும் மோசமா இருந்துச்சு. மாமியார் போனப்புறம்... அப்பவும் இல்ல. அவருக்குப் பல்லு வலி வந்து ஈறெல்லாம் சீழ் கட்டியிருந்த வருஷம் ஒண்ணு, அத விடுங்க. இருங்க, யோசிச்சுச் சொல்றேன்.

உங்க முகத்தப் பாத்து ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கட்டுமா? நீங்கதான் இலக்கியான்னு வச்சுக்குவோம். இங்க பாரும்மா இலக்கியா, எனக்கு... எனக்கு அதுல... ச்சே, வண்டி என்ன இந்தக் குலுக்கு குலுக்குது. அப்புறம் சொல்றேன்.

போன் அடிக்குது. அவருதான். ஆங், சொல்லுங்க. கிட்ட வந்துட்டேங்க. சாப்பிட்டீங்களா? மீன் குழம்பு நல்லா இருந்துச்சா? சரி... சரி... ஆங்? இல்லங்க, எதுக்கு... சரிங்க. சாயங்காலம் வந்துடுவேங்க. அவளோடதான் வருவேங்க. சரிங்க.

என்னவா? சாப்பிட்டாராம். தட்ட எடுத்து வச்சிருக்காராம். நீ இல்லாத நாள்லயும் வழக்கம் தப்பக்கூடாதுல்ல, முள்ளோட அப்படியே மூடி வச்சிருக்கேன், வந்து சாப்பிடுன்னாரு. பாருங்க, எவ்வளவு அக்கறை. மீன் குழம்பு. மார்ச் மாச வெயிலு. ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டிருப்பாரு, நான் போய்ச் சேர ஏழாயிடும். ஈ மொய்க்காம மூடியிருப்பாரா...

தண்ணி வேணாம்மா. வாய வச்சுக் குடிச்ச பாட்டில். வேணாம். வெயில்ல வந்ததுதான், வேற ஒண்ணும் இல்ல. பஸ்ஸோட ஆட்டம். கொஞ்சம் நின்னுச்சுன்னா சரியாயிடும்.

நின்னுடுச்சா? எப்ப? பஸ் ஸ்டாண்டே வந்துடுச்சா?

அதோ நிக்கிறா. தூண் பக்கத்துல, பச்சைச் சுடிதார். பக்கத்துல சிவப்புப் புடவைல இருக்கிறது அவங்கம்மா. இளைச்சுட்டா. ஒவ்வொரு சன்னலாப் பாத்துட்டு வர்றா பாருங்க. நான் வந்து சொல்லுவேன்னு நிக்கிறா. சொன்னா வந்துடுவாம்மா. நான் சொன்னா நிசமாவே வந்து உக்காந்து சாப்பிட்டுடுவா, அந்தப் பைத்தியம். இந்த வயசுல. ச்சீ, நினைச்சுப் பாக்கவே முடியல. அந்த வாயால அந்த எச்சில...

நீங்க இறங்குங்க. நான் இறங்கல. இதே வண்டி திரும்ப மாயவரம்தானே போகும்? நான் இப்படியே உக்காந்திருக்கேன், முந்தானையப் போட்டு மூடிக்கிறேன், அவளுக்குத் தெரியாது. அவர்கிட்டயா? அவ வர மாட்டேன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டா, திமிரு பிடிச்சவன்னு சொல்லிக்கிறேன். ஒரு தடவ அவ மேல பழி போட்டவதானே, இன்னொரு தடவ போட எனக்கு என்ன. செல்வமுத்துவுக்கு அவ வேணும்னா எழுந்து வந்து கூப்பிட்டுக்கட்டும், திருச்சிக்கு வழி தெரியாதா அவனுக்கு.

ஒரே ஒரு உதவி பண்ணுங்கம்மா. நீங்க இறங்கிப் போறப்ப அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அத்தை வரல, நீயும் வராதன்னு சொல்லுங்க. ஏன்னு கேப்பா, விட மாட்டா. கேட்டா, அன்னைக்கு சமையக்கட்டுல நீ கேட்ட கேள்விக்கு அத்தை ஆமான்னு சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லுங்க. மொத நாள்லேர்ந்தே ஆமாதான்னு சொல்லுங்க. அவளுக்குப் புரியும்.

சத்தமாச் சொல்லிடாதீங்க. பக்கத்துல அவங்கம்மா நிக்கிறாங்க.